சின்னப் படலையால் வந்தவர்கள்

சென்ற ஆடி மாதம் உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக் கிரியைக்காகக் கீரிமலைக்குச் சென்றுவிட்டுத் திரும்பும் வழியில், சுன்னாகம் பஸ் நிலையத்தில் ஒரு பெண்மணி என்னை மறித்தார்.

"சேர், என்னைத் தெரியுதே?"

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவனிடம் இப்படிக் கேட்பவர்கள் பலர். தெரிந்தவன்போலத் தலையாட்டிச் சமாளித்துவிடுவது என் வழக்கம். அன்று அது பலிக்கவில்லை.

"நீங்கள் என்னைப் பற்றி எழுதினனீங்கள். பேர் போடேல்லை. ஆனா அது நான்தான்."

அவர் ஊரின் பெயரைச் சொன்னதும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் நினைக்க விரும்பாமல் ஒதுக்கி வைத்திருந்த விடயம் அது. பஸ் வரும்வரை இருவரும் வாங்கிலில் இருந்து பேசினோம். அந்தப் பேச்சின் விளைவே இந்தக் கட்டுரை.

2004 ஆம் ஆண்டு. போர் நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். ஏ-9 வீதி திறந்திருந்தது. ஒரு நாள் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு தகப்பன் வந்தார். கையில் ஒரு கடிதம். அவருடைய மகனுக்கு ஏழு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை என்று சொல்லும் அளவுக்கு மிகக் குறைவு. வலிகாமத்தில் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில் அவனைச் சேர்த்திருந்தார்.

"அங்கை படிப்பிக்கிற பிள்ளை ஒரு பயிற்சியும் எடுக்காதவ, ஐயா. ஏ.எல். மட்டும் படிச்சவ. கண் தெரியாத பிள்ளைக்கு அவ என்னத்தைப் படிப்பிப்பா?"

நியாயமான கேள்வி. மறுநாளே புறப்பட்டுப் போனேன். பாடசாலையின் பின்புறம், கிணற்றடிக்குப் பக்கத்தில், முன்பு களஞ்சியமாக இருந்த ஓர் அறை. அதில் ஒன்பது பிள்ளைகள். ஒருவருக்குக் காது கேளாது. இருவருக்குப் பார்வை இல்லை. மற்றவர்கள் எல்லோரையும் "மெல்லக் கற்போர்" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியிருந்தார்கள். அவர்கள் நடுவே இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் தரையில் இருந்தார். அவர் தொண்டர் ஆசிரியை.

தமிழகத்து வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தொண்டர் ஆசிரியர் என்பவர் அரச நியமனம் இல்லாமல், பெரும்பாலும் சம்பளமும் இல்லாமல், பாடசாலையில் கற்பிப்பவர். போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கின் பல பாடசாலைகளில் ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பியவர்கள் இவர்கள்தாம். என்றோ ஒரு நாள் நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தவர்களும் உண்டு. அந்தப் பெண்ணுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாதம் ஐந்நூறு ரூபா கொடுத்து வந்தது.

நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீங்கள் விசேட கல்வியில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா?"

"இல்லை, சேர்."

குறிப்புப் புத்தகத்தில் "இல்லை" என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். செய்தி வெளிவந்தது. பெயர்கள் தவிர்க்கப்பட்டிருந்தன, ஆனால் ஊர் தெரிந்தவர்களுக்குப் பாடசாலை தெரியும், பாடசாலை தெரிந்தவர்களுக்கு ஆள் தெரியும். விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பயிற்சியற்றவர்களிடம் ஒப்படைக்கலாமா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தேன். பாராட்டி நாலைந்து கடிதங்கள் வந்தன.

மூன்று வாரங்களின் பின் பாடசாலைக்கு ஓர் அறிவுறுத்தல் போயிற்று. பயிற்சி பெறாதவரை விசேட அலகில் வைத்திருக்க வேண்டாம் என்பது அதன் சாரம். அந்தப் பெண் நின்றுவிட்டார். பயிற்சி பெற்ற ஒருவர் வருவார் என்று சொல்லப்பட்டது. எவரும் வரவில்லை. அலகு பூட்டப்பட்டது. சில பிள்ளைகள் சாதாரண வகுப்புகளின் கடைசி வாங்கிலுக்குப் போனார்கள். சிலர் வீட்டுக்குப் போனார்கள்.

டிசம்பரில், தவணை முடிந்த பிறகு, அந்தத் தகப்பன் மீண்டும் வந்தார். கோபப்படவில்லை. "நீங்கள் எழுதினது சரிதான், ஐயா. ஆனா இப்ப அவனுக்கு ஆருமில்லை" என்றார். இதையும் எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த மாதக் கடைசியில் சுனாமி வந்தது. பத்திரிகையின் பக்கங்கள் எல்லாம் வடமராட்சி கிழக்கின் அழுகையால் நிறைந்தன. சுனாமி ஒரு காரணம். ஆனால் அதன் பிறகும் எழுத எனக்கு நாட்கள் இருந்தன. நான் எழுதவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம்.

தகப்பனின் முறைப்பாடு தவறானதா? இல்லை. விசேட கல்வி நல்ல மனத்தால் மட்டும் நடப்பதன்று. பார்வையற்ற பிள்ளைக்கு எழுத்தறிவு என்றால் பிரெயில். ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள். அவற்றில் எவை புடைத்திருக்கின்றன என்பதை விரல் நுனி படிக்க வேண்டும். தமிழுக்குப் பயன்படுவது 1951 இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயில். அச்சில் நாம் "கை" என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. பிரெயிலில் ககரத்துக்கு ஒரு கட்டம், அதன்பின் ஐகாரத்துக்கு ஒரு கட்டம். சட்டப் பலகையில் ஊசியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். இதை அறியாத ஆசிரியர் அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திருத்த முடியாது.

காது கேளாத பிள்ளைக்கோ பிரச்சினை எழுத்துக்கும் முந்தியது. அதற்கு முதலில் ஒரு மொழி வேண்டும். சைகை மொழி தெரியாத ஆசிரியர் நாள் முழுவதும் பேசினாலும் அந்தப் பிள்ளைக்கு அது அசையும் வாய் மட்டுமே. அறிவு வளர்ச்சி பிந்திய பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டக் கற்பிப்பதானால் அந்தச் செயலை ஏழெட்டுச் சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்று ஒவ்வொரு நாளும் குறிக்க வேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறது என்றால் அது குழப்படி செய்யவில்லை, சத்தம் அதற்குத் தாங்க முடியாமல் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இவை யாவும் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் அறிவு.

ஆகவே தகுதி வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. கேள்வி வேறு. தகுதி பெறும் வழி எங்கே இருந்தது?

இலங்கையில் ஆசிரியருக்கென்று, அமெரிக்காவில் உள்ளதுபோல், தனி அனுமதிப்பத்திரம் கிடையாது. 1994 இல் உருவாக்கப்பட்ட இலங்கை ஆசிரியர் சேவைக்குள் நியமனம் பெறுவதே ஒருவர் அரச பாடசாலையில் கற்பிக்கும் உரிமை. அதற்குச் சில பெருவாசல்கள் உண்டு. ஒன்று, 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள்: இரண்டு ஆண்டு கல்லூரியில், ஓர் ஆண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. மற்றொன்று பல்கலைக்கழகப் பட்டம். ஏற்கனவே சேவையில் இருப்பவர்களுக்கு ஆசிரியர் கலாசாலைகளில் இரண்டு ஆண்டுப் பயிற்சி. இவற்றின்மேல் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகமும் திறந்த பல்கலைக்கழகமும் விசேட தேவைக் கல்விக்கான நெறிகளை நடத்தி வந்துள்ளன.

வரைபடத்தில் பார்த்தால் யாழ்ப்பாணத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் கோப்பாயில் இருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்துக்கும் இங்கு பிராந்திய நிலையம் உண்டு. ஆனால் வரைபடத்தில் காலம் தெரியாது. 1990 முதல் 2002 வரை யாழ்ப்பாணத்திலிருந்து தரை வழியாகக் கொழும்புக்குப் போவது பெரும்பாலானோருக்குக் கைகூடாத காரியம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் நுழைந்தது. திரும்பி வந்த பிறகு வெளியே போவதென்றால் பாதுகாப்பு அனுமதி, கப்பல், காத்திருப்பு. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஒரு பயிற்சி நெறிக்கு இருபத்தொரு வயதுப் பெண்பிள்ளையை எந்தத் தாய் அந்தக் காலத்தில் அனுப்பியிருப்பாள்?

பெருவாசல் பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகள் மட்டும் பிறந்துகொண்டே இருந்தார்கள். குறைபாடுள்ள பிள்ளைகளும் பிறந்தார்கள். போர் அவர்களின் தொகையைக் கூட்டிற்று. அவர்களுக்கு முன்னால் யாராவது நிற்க வேண்டியிருந்தது. நமது பழைய வளவுகளில் பெரிய படலையோடு பக்கத்தில் ஒரு சின்னப் படலையும் இருக்கும். வீட்டு ஆட்களும் அயலவர்களும் புழங்குவது அதனால்தான். அந்தச் சின்னப் படலையால் வந்தவர்களே தொண்டர் ஆசிரியர்கள். அந்தக் காலத்துச் சட்டம்பியார்களிடமும் எவரும் சான்றிதழ் கேட்டதில்லை.

இன்னொரு சாராரும் அந்தப் படலையால் வந்தார்கள். அவர்கள் முறையான நியமனம் பெற்ற ஆசிரியர்கள். வேறு பாடத்துக்கு நியமனம் பெற்று வந்து, பாடசாலையில் மேலதிகமாக இருப்பதால் "கொஞ்ச நாளைக்கு அந்தப் பிள்ளையளைப் பாருங்கோ" என்று விசேட அலகுக்கு அனுப்பப்பட்டவர்கள். சிலர் மனம் ஒட்டாமல் இடமாற்றம் தேடி ஓடினார்கள். சிலர் அந்தப் பிள்ளைகளோடு ஒன்றிப்போய் அதையே தம் தொழிலாக்கிக்கொள்ள விரும்பினார்கள். இவர்களுக்கும் வழி தெளிவாக இல்லை. நியமனக் கடிதத்தில் உள்ள பாடம் ஒன்று, கற்பிப்பது இன்னொன்று. விசேட அலகில் பத்து ஆண்டுகள் கழித்த ஓர் ஆசிரியை, இடமாற்றப் பட்டியலில் தாம் இன்னமும் சமூகக் கல்வி ஆசிரியையாகவே இருப்பதாக ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வரலாற்றையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. இலங்கையில் விசேட கல்வி தொடங்கியது 1912 இல், மேரி சப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பாடசாலையோடு. தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956 இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. 1960களின் இறுதியில் சாதாரணப் பாடசாலைகளோடு இப்பிள்ளைகளை இணைக்கும் முயற்சி ஆரம்பமாயிற்று. 1996 இல் வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம். அடுத்த ஆண்டு கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள். 2016 இல் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு குறைபாடு உண்டு என்று கணக்கிட்டது. ஒவ்வொரு சட்டமும் வகுப்பறையின் வாசலைப் பிள்ளைக்கு அகலமாக்கியது. உள்ளே நிற்க வேண்டிய ஆசிரியருக்கான வாசலை அதே அளவுக்கு எவரும் அகலமாக்கவில்லை. இடைவெளியை அறநெஞ்சங்கள் நிரப்பின. நான் அந்தச் செய்தியை எழுதிய அதே 2004 இல்தான் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை தொடங்கிற்று.

விசேட கல்விக்கு ஆசிரியர் கிடைக்காமை நமக்கு மட்டும் உரிய துன்பமன்று. செல்வந்த நாடுகளுக்கும் அது உண்டு. அவை அதை எப்படிக் கையாண்டன என்று பின்னாளில் படித்தபோது ஒரு விடயம் என்னைத் துணுக்குற வைத்தது.

அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அரச பாடசாலையில் உரிய கல்வியை உரிமையாக்கியது. உடனே ஆசிரியர் பஞ்சம். முதலில் மாநிலங்கள் செய்தது தற்காலிக அனுமதி வழங்குவது: "இப்போதைக்குப் படிப்பியுங்கள், தகுதியைப் பிறகு பார்ப்போம்." 1984 இல் நியூ ஜேர்சி மாநிலம் பொதுவாக ஆசிரியத் தொழிலுக்கே ஒரு மாற்றுவழியை வகுத்தது, மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2004 டிசம்பரில், அந்தத் தகப்பன் என் மேசைக்கு முன்னால் இரண்டாம் முறை நின்ற அதே மாதத்தில், அமெரிக்கா தன் விசேட கல்விச் சட்டத்தைத் திருத்தியது. அவசரம், தற்காலிகம் என்ற பெயரில் விசேட கல்வி ஆசிரியரின் தகுதியை விலக்கிவிடக் கூடாது என்றது அது. ஆனால் அதன் விதிகள் மாற்றுவழியால் வருபவருக்கு இடமளித்தன. அவர் பயிற்சி பெற்றுக்கொண்டே கற்பிக்கலாம். அனுபவமுள்ள ஒருவரின் நெருங்கிய மேற்பார்வை வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அப்படி இருக்கக் கூடாது. முழுத் தகுதியை நோக்கி முன்னேறுவதைக் காட்ட வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே மாதிரி. காது கேளாத அல்லது பார்வையற்ற பிள்ளைகளின் வகுப்புக்கு ஆசிரியராவதற்குக் கட்டாயத் தகுதி ஒன்று உண்டு. சாதாரண ஆசிரியர் ஒருவர் அத்தகுதி இல்லாமலே அந்த வகுப்பை ஏற்கலாம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் அதைப் பெற்றுவிட வேண்டும்.

இந்தியா முதலில் கடுமையான பாதையை எடுத்தது. 1992 ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கழகச் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் விசேட கல்வியாளராகத் தொழில் புரிந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டம் இப்படி இருக்க, நடைமுறையில் மாநிலங்கள் ஒப்பந்த அடிப்படையில் ஆட்களை வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டின. உச்ச நீதிமன்றம் 2021 ஒக்டோபரில், தொடக்க வகுப்புகளில் விசேட தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கும் மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கும் ஒரு விசேட ஆசிரியர் வேண்டும் என்று விகிதம் வகுத்தது. 2025 மார்ச்சில், நீண்ட காலம் ஒப்பந்தத்தில் பணியாற்றுவோரின் தகுதியை ஆராய ஒவ்வொரு மாநிலமும் குழு அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பின்வழியால் வந்தவர்களை ஒரேயடியாகத் துரத்தவும் இல்லை, கண்ணை மூடி ஏற்கவும் இல்லை. ஒவ்வொருவராகப் பார்த்துத் தகுதியுள்ளோரை உள்ளே எடுக்கச் சொன்னது.

இவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். விலக்கு வேறு, வழி வேறு. "தகுதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நில்" என்பது விலக்கு. "தகுதி இல்லை, ஆனாலும் வா, இத்தனை காலத்துக்குள் பெற்றுக்கொள், அதுவரை உன் பக்கத்தில் ஒருவர் நிற்பார்" என்பது வழி. நாங்கள் அந்தப் பெண்ணுக்கு முதல் ஐந்து ஆண்டுகளும் விலக்குக் கொடுத்தோம். பத்திரிகையில் செய்தி வந்தவுடன் விலக்கை நீக்கினோம். வழியை ஒரு நாளும் கொடுக்கவில்லை. அவருக்குப் பதில் ஆள் எங்கே என்று கேட்காமல் அவரை நீக்கும்படி எழுதிய நானும் அதில் ஒரு பங்காளி.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமானதும்கூட. சின்னப் படலையை அகலத் திறந்துவிட்டால் யார் யாரெல்லாம் நுழைவார்கள்? தொண்டர் ஆசிரியர் பட்டியல்கள் தயாரான காலங்களில், ஒரு நாளும் வகுப்புக்குள் கால் வைக்காதவர்களின் பெயர்கள் அவற்றில் இருப்பதாக என்னிடம் வந்து முறையிட்டவர்கள் உண்டு. அரசியல்வாதியின் கடிதம் தகுதியாகிவிடும் நாடு இது. ஆகவே வழிக்கு நிபந்தனைகள் வேண்டும்; அவை கண்டிப்பானவையாக இருக்க வேண்டும்.

என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, வகுப்புக்குள் நுழைய முன்னரே ஒரு குறுகிய முழுநேரப் பயிற்சியும் செய்முறைப் பரீட்சையும். பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்க வருபவர் பிரெயில் வாசித்துக் காட்ட வேண்டும். அதில் சித்தியடையாவிட்டால் அமைச்சரின் கடிதமும் உதவக் கூடாது. இரண்டாவது, சேர்ந்த நாளிலேயே பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரு கொடுப்பனவு வேண்டும். மூன்று ஆண்டுக் கெடு அன்றிலிருந்து ஓட வேண்டும். மூன்றாவது, வழிகாட்டி. கைதடியில் படித்துப் பட்டதாரிகளாகி ஆசிரியர்களானவர்களும், ஓய்வுபெற்ற விசேட கல்வி ஆசிரியர்களும் குடாநாட்டில் இருக்கிறார்கள். மாதம் நான்கு நாட்கள் அவர்கள் வந்து பக்கத்தில் இருந்தாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும். நான்காவது, பயிற்சி நெறி தமிழில், வடக்கிலேயே, வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் நடக்க வேண்டும். தீவகத்து ஆசிரியை ஒருவர் கொழும்பில் விடுதி தேடாமல் அதை முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கடைசியாக, மூன்று ஆண்டு முடிவில் தேறியவருக்கு விசேட கல்வி ஆசிரியர் என்றே நியமனம் வேண்டும். தேறாதவர் வேறு பணிக்குப் போக வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி கொடுமையாகத் தோன்றலாம். பிள்ளையின் ஏழு வயது மீண்டும் வராது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுன்னாகத்து வாங்கிலில் அவர் சொன்ன கதைக்கு வருகிறேன்.

நான் 2004 இல் கேட்காமல் விட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. பயிற்சி பெற்றீர்களா என்று கேட்டேன். என்ன தெரியும் என்று கேட்கவில்லை. அவர் அயலில் இருந்த விழிப்புலனற்ற இளைஞர் ஒருவரிடம் பின்னேரங்களில் போய்ப் பிரெயில் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இளைஞரின் பழைய சட்டப் பலகையை இரவல் வாங்கி வந்து பையனுக்குக் கற்பித்திருக்கிறார். "உயிரெழுத்து முடிஞ்சு, 'க' வரிசை தொடங்கினனாங்கள், சேர். அவன் தன்ரை பேரை எழுதுற அளவுக்கு வரேல்லை. அதுக்கு இன்னும் இரண்டு எழுத்துத்தான் இருந்தது."

பாடசாலையை விட்ட பிறகு அவர் ஒரு தொண்டு இல்லத்தில் சேர்ந்தார். தொலைக்கல்வி மூலம், சொந்தச் செலவில், விசேட தேவைக் கல்வியில் டிப்ளோமா முடித்தார். பின்னர் ஒருமுறை நியமனத்துக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, தொண்டராகப் பணியாற்றிய ஐந்து ஆண்டுகளுக்கு ஆதாரம் கேட்டார்கள். பாடசாலையின் வரவு இடாப்பில் தொண்டர்களுக்கு இடமில்லை. அவர்கள் ஒப்பமிட்டது ஒரு தனிக் கொப்பியில். அந்தக் கொப்பியை எவரும் பாதுகாக்கவில்லை. அடுத்த விண்ணப்பம் கோரப்பட்டபோது வயதெல்லையை நான்கு மாதங்களால் கடந்திருந்தார். இன்றும் அதே இல்லத்தில் கற்பிக்கிறார். அரசாங்கத்தின் கணக்கில் அவர் ஆசிரியர் அல்லர்.

எனக்குள் ஒரு எண்ணம் ஓடிற்று. அவர் பணியாற்றியதற்கு எழுத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று, ஒருவேளை, அவரைத் தகுதியற்றவர் என்று நான் எழுதிய அந்தச் செய்தியாகத்தான் இருக்கும். அதில் அவர் பெயரும் இல்லை.

"அந்தப் பெடியன்?" என்று கேட்டேன்.

"இரண்டு வருஷம் வீட்டிலை இருந்தவன். பிறகு ஒன்பது வயசிலை விடுதியோடை ஒரு பள்ளிக்கூடத்திலை சேர்த்தவை. நல்லாப் படிச்சவனாம். இப்ப வெளிமாவட்டத்திலை வேலை." சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "உங்களிலை எனக்குக் கோவம் இல்லை, சேர். எனக்குப் பயிற்சி இல்லை எண்டது உண்மைதானே. ஆனா நீங்கள் திரும்ப ஒருக்கா வந்து பாத்திருக்கலாம்."

அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். சில்லறைக்காகத் தேடிய அந்தப் பைக்குள் ஒரு சட்டப் பலகையும் ஊசியும் கிடந்ததைக் கண்டேன்.

தகப்பனுக்கு எழுதுவதாக வாக்களித்த இரண்டாவது செய்தி இதுதான். இருபது ஆண்டுகள் பிந்திவிட்டது.